மாட்டு மணியின் பெயர் கொண்ட பள்ளம்

தான்சானியா போய் வந்து பத்து நாளாகிறது. அங்கே ங்கோரோங்கோரோ என்ற எரிமலைப் பள்ளத்தில் எடுத்த படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் முதல் ஆளாகச் சித்தப்பா எழுதினார்: "மனிதக் காலடியே படாத பூமி! கொடுத்து வைத்தவள் நீ."

கொடுத்து வைத்தவள்தான். மருமகனுக்கு அந்நாட்டு நகரமான தாரெஸ்ஸலாமில் வேலை கிடைத்திருக்காவிட்டால் நானாவது, ஆப்பிரிக்காவாவது. ஆனால் அந்த முதல் வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் பள்ளத்தைச் சுற்றியுள்ள ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள்தான் லயெடோலி இருக்கிறது. சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தவர்களின் தடம் எரிமலைச் சாம்பலில் அப்படியே பதிந்து கிடக்கிற இடம். காலடி படாத பூமி என்று சொல்ல உலகத்திலேயே பொருத்தமில்லாத இடம் அதுவாகத்தான் இருக்கும்.

விடியற்காலை பள்ளத்தின் விளிம்பில் நின்றபோது பனிமூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டே வண்டியில் இறங்கினோம். பாதி வழியில் மூட்டம் விலகியது. ஒரு பெரிய எரிமலை தனக்குள்ளேயே இடிந்து விழுந்ததால் உண்டான பள்ளம் அது. சுவர் 600 மீட்டர் உயரம், தரை மட்டும் 260 சதுர கிலோமீட்டர். நடுவே ஓர் உப்பு ஏரி, அதன் ஓரத்தில் இளஞ்சிவப்பாய்ப் பூநாரைகள். சுற்றிலும் வரிக்குதிரையும் எருமையும் மந்தை மந்தையாக. கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

எங்கள் ஓட்டுநர், அந்தப் பக்கத்தில் மாடு மேய்த்து வாழும் மாசாய் இனத்து இளைஞர். என்னை "மாமா" என்று கூப்பிட்டார். ஸ்வாஹிலியில் அது அம்மா. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ரேடியோவில் "ஃபாரு" என்று ஒரு குரல் வந்ததும் பள்ளத்திலிருந்த வண்டிகள் எல்லாம் ஒரே திசையில் பறந்தன. கறுப்புக் காண்டாமிருகம். போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு முன்னால் பத்தொன்பது வண்டிகள் (எண்ணினேன்). காண்டாமிருகமோ தொடுவானத்தில் ஓர் உளுந்து அளவுக்கு. எல்லோரும் முன்னால் நிற்கிற வண்டி படத்தில் விழாமல் எடுக்கப் பாடுபட்டார்கள். நானும்தான். சித்தப்பா பார்த்த "மனிதன் இல்லாத பூமி" அப்படித்தான் தயாரானது.

மதியம் நீர்யானைக் குட்டை பக்கம் சாப்பிட உட்கார்ந்தோம். கையிலிருந்த சப்பாத்தியைப் பருந்து அடித்துக்கொண்டு போனது. சிரித்து முடித்த பிறகு, "இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், தம்பி?" என்று கேட்டேன். கையை ஆட்டிக்காட்டி "ங்கோரோ... ங்கோரோ..." என்றார். மாட்டுக் கழுத்து மணியின் சத்தமாம். அப்படித்தான் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களாம். சுற்றும் முற்றும் பார்த்தேன். மாடு ஒன்றுகூட இல்லை. மேய்ச்சலுக்கோ தண்ணீருக்கோ உள்ளே மாட்டை இறக்கக்கூடாது என்று தடை.

பக்கத்து செரங்கெட்டியும் மாசாய்ச் சொல்தான், முடிவில்லாத சமவெளி. தன் தாத்தா அங்கே பிறந்தவர் என்றார் ஓட்டுநர். 1959-இல் செரங்கெட்டியை முழுத் தேசியப் பூங்காவாக்கி மாசாய்களை வெளியேற்றியபோது, இந்தப் பக்கத்தைத் தனியாகப் பிரித்து, இங்கே விலங்குகளோடு சேர்ந்து வாழலாம் என்றார்கள். அதனால்தான் இது பூங்கா இல்லை, பாதுகாப்புப் பகுதி. பதினைந்தே வருடம். 1974-இல் பள்ளத்துக்குள் குடியிருந்தவர்களையும் மேலே ஏற்றிவிட்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் எனக்குத் தலைசுற்றும் விஷயம். மாடுகள் மேய்ந்தும், காய்ந்த புல்லுக்கு மாசாய்கள் அவ்வப்போது தீ வைத்தும்தான் அங்கே புல் குட்டையாக இருந்திருக்கிறது. இரண்டும் நின்றதும் புல் முரடாக வளர்ந்தது. எருமை பெருகியது, வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகை குறைந்தது, உண்ணி மண்டியது. 2000, 2001 வாக்கில் வறட்சியோடு நோயும் சேர்ந்து எருமைகளும் சிங்கங்களும் செத்தன, காண்டாமிருகம்கூடத் தப்பவில்லை. பிறகு நிர்வாகமே புல்லுக்குத் தீ வைக்க ஆரம்பித்தது. மாசாய்க் கிழவர்கள் செய்துகொண்டிருந்த வேலையைச் சீருடைக்காரர்கள் செய்தார்கள், அவ்வளவுதான்.

அரசு சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1959-இல் எட்டாயிரம் பேர், இன்று லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள் என்கிறது. மாடும் கூடியிருக்கும்தானே. 2022 முதல் பல நூறு கிலோமீட்டர் தள்ளி ம்சொமேரா என்ற ஊரில் வீடும் நிலமும் தந்து குடிபெயர்க்கிறார்கள். விருப்பப்பட்டவர்கள் மட்டும் என்கிறது அரசு. இங்கே ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் பணத்தை நிறுத்திவிட்டு அங்கே வா என்றால் அது விருப்பமா என்று கேட்கிறார்கள் மாசாய்கள். 2024 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கில் சிவப்புச் சால்வையோடு வந்து சஃபாரி வண்டிகள் போகும் சாலையையே மறித்தார்கள்.

என் கேள்வி சின்னது. கூட்டம் அதிகம் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் எங்களையும் சேர்த்து எண்ணுவார்களா? நான் தங்கிய விடுதி பள்ளத்தின் விளிம்பில், நேர் உச்சியில். ராத்திரி வெந்நீரில் ஆசைதீரக் குளித்தேன். மறுநாள் காலையில் மஞ்சள் குடத்தோடு தண்ணீருக்கு நடந்துபோகும் பெண்களைக் கடந்து போனோம். குளித்தபோது இல்லாத குற்ற உணர்வு அப்போதுதான் வந்தது. பள்ளத்துக்குள் இறங்க ஒரு வண்டிக்கு மட்டும் 250 டாலருக்கு மேல். அந்தப் பணம் கொடுத்தவள் விருந்தாளி, மாட்டோடு வந்தவன் ஆக்கிரமிப்பாளன்! முதுமலைப் பக்கம் போய்விட்டு வந்து இதே மாதிரி நான் யோசித்ததுண்டா என்றால் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. நானே மறுபடி போவேன். ஆனால் ஓட்டுநரிடம் சிங்கம் எங்கே என்று கேட்பதற்கு முன் அவர் ஊர் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். சிங்கம் எப்படியும் வரும்.

நேற்று சித்தப்பாவுக்குப் போன் போட்டு இத்தனையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அதெல்லாம் சரிம்மா, சிங்கத்தைப் பக்கத்தில் பார்த்தாயா இல்லையா?"

பார்த்தேன் சித்தப்பா. வெயில் தாங்காமல் எங்கள் வண்டியின் நிழலில்தான் வந்து படுத்திருந்தது.