ஆறு மணிக்கு மேல் வராதீர்கள், தம்பி

சேலம் செவ்வாய்ப்பேட்டையை ஒட்டியது எங்கள் தெரு. பாதி வீடுகளில் கொலுசு வேலை. பட்டறையில் எடை போட்டு வாங்கிவந்து, திண்ணையில் உட்கார்ந்து சலங்கை கோர்த்து, மறுபடி எடை போட்டுக் கொடுக்க வேண்டும். குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறையும். வேலை நின்றாலும், பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் குழுக்கடனின் தவணை நிற்காது.

ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும் என்பதுதான் இந்தக் கடனின் கொடுமை. வசூலுக்கு வருபவர் மிரட்டவே தேவையில்லை. குழுப் பெண்களை அவள் வாசலில் உட்காரவைத்தால் போதும். போன வருடம் எதிர்வீட்டு அக்காவின் வாசலில் இரவு ஒன்பது மணிவரை எட்டுப் பேர் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். என் அம்மாவும் அதில் ஒருவர். அக்கா விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு உள்ளே இருந்தார்.

அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. அந்த வாரமே குழுவைக் கோயில் மண்டபத்துக்கு அழைத்து, இனி யார் வாசலிலும் யாரும் உட்காருவதில்லை என்று பேசி முடித்தார். வாரம் இருபது ரூபாய் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்கிறது. வேலை நின்றவருக்கு அதிலிருந்து தவணை. ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளை நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூல் கூடாது; எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

அடுத்த முறை வசூலுக்கு வருபவர் வந்தபோது மணி மாலை ஆறரை. ஐந்தாவதுவரை படித்த அம்மா அந்தத் தாளை எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்தார். “நாளைக்கு ஒன்பது மணிக்கு மேல் வாருங்கள், தம்பி. பணம் இருக்கும்.” மறுநாள் பணம் இருந்தது.

“வாங்கினால் கட்டத்தானே வேண்டும்?” என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: இவர்கள் கட்டுகிறார்கள். மறுப்பது அவமானத்தை மட்டும்தான். 1989-இல் தருமபுரியில் அரசு மகளிர் குழுக்களைத் தொடங்கியபோது சேமிப்பும் கூடிப் பேசுவதும்தான் அடிப்படை. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்த அந்த நம்பிக்கையையே கடன் கொடுப்பவர்கள் பிணையாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். எனக்குத் தாங்க முடியாத கோபம் அதன்மேல்தான். கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஆனால் ஆறரை மணிக்கு வாசலில் நின்று அதைச் சொல்ல, தெருவில் நாலு பெண்கள் வேண்டியிருக்கிறது.

எதிர்வீட்டு அக்கா இன்னும் அம்மாவிடம் சரியாகப் பேசுவதில்லை. வாராவாரம் மண்டபத்துக்கு வருகிறார். டப்பாவில் இருபது ரூபாயைப் போட்டுவிட்டு, தூணோரமாக உட்கார்ந்துகொள்கிறார்.