மாட்டின் வரம்பை அல்பாக்காவின் தலையில் கட்டாதீர்கள்

தென் அமெரிக்காவிலிருந்து வந்த, கம்பளிக்காக வளர்க்கப்படும் ஒட்டகக் குடும்பத்து விலங்கான அல்பாக்காவின் ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நன்றாக மேய்ந்து, அசைபோட்டு, கழுத்தில் ஊசி குத்த வந்தவர் முகத்தில் குறிதவறாமல் துப்பும் அளவுக்குத் தெம்போடு இருக்கிற ஒரு விலங்குக்கு, சர்க்கரை 130 மில்லிகிராம் என்று எழுதி, அருகே சிவப்பு மையில் 'மிகை' என்று அச்சடித்து ஆய்வகத்தார் அனுப்பியிருக்கிறார்கள். இயல்பு அளவு என்ற கட்டத்தில் 45 முதல் 75 வரை என்றிருக்கிறது. அது மாட்டுக்குரியது! ஒட்டகக் குடும்பத்து விலங்குகளுக்கு ரத்தச் சர்க்கரை இயல்பிலேயே மாட்டைவிடக் கூடுதல் என்பதும், பிடித்து நிறுத்திய பதற்றத்திலேயே அது இன்னும் ஏறிவிடும் என்பதும் கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்குப் புதிய செய்தியா?

சிவப்பணு விஷயம் இதைவிட மோசம். அல்பாக்காவின் சிவப்பணுக்கள் நீள்வட்டமானவை, மெல்லியவை, மிகச் சிறியவை. அவற்றுக்கென்று அமைத்துக்கொள்ளாத கருவியில் ஓட்டினால், எண்ணிக்கையே பிழையாக வரக்கூடும். மொத்த ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு முப்பது என்பது அல்பாக்காவுக்கு இயல்புதான். அதையே நாயின் வரம்போடு ஒப்பிட்டால் ரத்தசோகை என்றாகிவிடும்.

சரி, அல்பாக்காவுக்கென்றே வரம்பு வகுத்திருக்கிறோம் என்பவர்களாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? குறைந்தது 120 ஆரோக்கியமான விலங்குகளாவது இருப்பதே நல்லது என்பது கால்நடை ஆய்வகத் துறையே ஏற்றுக்கொண்ட நெறி. 'ஆரோக்கியமான' என்ற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது. வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் சிவப்பணுவில் ஒட்டிக்கிடக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவையும், வயிற்றில் இருந்துகொண்டு ரத்தம் குடிக்கும் புழுவையும் பரிசோதித்து விலக்காமல், பார்வைக்குக் கொழுகொழுவென்று இருப்பதையெல்லாம் சேர்த்துக்கொண்டால், கிடைப்பது நோயும் கலந்த வரம்புதான். குட்டியையும் சினையையும் ஒரே பட்டியலில் போடக் கூடாது. பெருவில் 4,000 மீட்டர் உயரத்தில் வாழும் மந்தையின் எண்களைத் தாழ்நிலப் பண்ணைக்கு அப்படியே எடுத்துவரவும் கூடாது.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், வரம்பு என்பது ஆரோக்கியமானவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை மட்டுமே உள்ளடக்கும். ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளைச் செய்தால், நோயே இல்லாத விலங்குக்கும் ஒரு சிவப்புக் குறியாவது விழ ஏறக்குறைய 64 விழுக்காடு வாய்ப்புண்டு. இதை ஒரு வரியில் அச்சிடக்கூடவா இடமில்லை? கட்டணத்தை மட்டும் குறைவில்லாமல் வாங்குகிறீர்களே! எத்தனை விலங்குகள், என்ன வயது, எந்தக் கருவி என்று வரம்புக்குக் கீழே குறிப்பிடுங்கள். அல்பாக்காவின் எண் உங்களிடம் இல்லையென்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.