ரெப்போவைக் குழப்பிய பிள்ளையை ஏசாதீர்கள்

போன வருடம், மாரி தொடங்கின நேரம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு வீட்டின் முன் விறாந்தையிலும் இரண்டு அறைகளிலும்தான் எங்கள் எட்டுப் பேரின் மென்பொருள் வேலை நடக்கிறது. எல்லோரின் வேலையும் அதன் வரலாறும் சேர்ந்து கிடக்கிற பொதுக் களஞ்சியத்தைத்தான் ரெப்போ என்கிறோம். அதைக் கவனிக்கிற மென்பொருளின் பெயர் கிட். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒரு தங்கச்சி எழுந்து வந்து, "அண்ணை, நான் புதன்கிழமை செய்த பக்கத்தைக் காணேல்லை" என்றாள். போய்ப் பார்த்தேன். பக்கம் மட்டுமில்லை, அவளும் இன்னொருவரும் செய்த பதினொரு கொமிட்கள் (பதிந்து வைத்த மாற்றங்கள்) எல்லோருக்கும் பொதுவான மெயின் பிராஞ்சில் (முதன்மைக் கிளையில்) இல்லை. வரலாறு அதற்கு முந்தின இடத்தோடு நின்றுவிட்டது.

யார் கடைசியாக புஷ் செய்தது, அதாவது தன் வேலையைச் சேர்வருக்கு அனுப்பியது என்று கேட்டேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "நான் ஒண்டும் தொடேல்லை அண்ணை."

தொலைந்த பதினொன்றும் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தன. கிட் அப்படிச் செய்யப்பட்ட சாமான். லினக்ஸ் கேர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் அதை எழுதத் தொடங்கியபோதே, குளோன் (ரெப்போவின் பிரதி) எடுக்கிற ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும்படிதான் வைத்தார். சேர்வரில் அழிந்தது அந்தத் தங்கச்சியின் லப்டொப்பில் அப்படியே இருந்தது. அவள் ஒருமுறை புஷ் செய்தாள். சரி, முடிந்தது.

முடியாதது இன்னொன்று. பின்னேரம் எல்லோரும் போன பிறகு ஒரு தம்பி தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். வியாழன் இரவு வீட்டில் இருந்து புஷ் செய்யப் பார்த்திருக்கிறான். சேர்வரில் புதிய கொமிட்கள் இருந்ததால் மறுத்துவிட்டது. புல் செய்து அவற்றை இறக்கினான், நாலைந்து ஃபைல்களில் இவனுடைய மாற்றமும் மற்றவர்களுடையதும் மோதி கொன்ஃபிளிக்ட். பயந்துபோய் இணையத்தில் தேடி, கிடைத்த கட்டளைகளை அப்படியே அடித்திருக்கிறான்: ரீசெட் ஹாட் கொடுத்து மூன்று கொமிட் பின்னுக்குப் போய், அதன் மேல் ஃபோர்ஸ் புஷ், அதாவது சேர்வரில் இருப்பதைப் பாராமல் கட்டாயமாக அனுப்புவது. மற்றவர்களின் வேலை சேர்வரில் இருந்து போனது அப்படித்தான். ஆனால் அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. யாருக்கும் தெரியக்கூடாது என்று தன் லப்டொப்பில் இருந்த ஃபோல்டரையே அழித்துவிட்டுப் புதிதாகக் குளோன் எடுத்திருக்கிறான். அவன் இரண்டு நாள் செய்த வேலை அந்த ஃபோல்டரோடு போய்விட்டது. அதற்கு வேறு எங்கும் பிரதி இல்லை.

அவன் அந்த ஃபோல்டரைத் தொடாமல் விட்டிருந்தால் கொமிட் செய்தது எல்லாமே கிடைத்திருக்கும். ரீசெட் ஹாட் கொமிட்டை அழிப்பதில்லை, பிராஞ்சின் முனையைப் பின்னுக்கு நகர்த்துகிறது. முனை எங்கெங்கே நின்றது என்பதைக் கிட் தன் ரெஃப்லொக்கில் எழுதி வைத்திருக்கும். நாம் எதையும் மாற்றாவிட்டால் அந்தப் பதிவு 90 நாள் இருக்கும். எந்தப் பிராஞ்சாலும் எட்ட முடியாத கொமிட்டுக்குக்கூட 30 நாள் தவணை உண்டு. ரெஃப்லொக்கைத் திறந்து, பழைய கொமிட்டின் எண்ணைப் பிடித்து, அதில் ஒரு புதுப் பிராஞ்ச் போட்டால் போதும். ஆனால் ரெஃப்லொக் அந்தந்தக் கணினியில் மட்டும்தான் இருக்கும். புதிய குளோனில் அது வராது.

அந்தப் பிள்ளை ஏன் மறைத்தான் என்று நான் யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு மேர்ஜை (பிராஞ்சுகளை இணைப்பதை) குழப்பியதற்காக இன்னொரு பெடியனை எல்லோருக்கும் முன்னால் வைத்து ஏசினது நான்தான். அதைப் பார்த்துக்கொண்டு இவனும் அந்த அறையில் இருந்தான். இரண்டு நாள் வேலை போனதற்குக் காரணம் கட்டளையும் இல்லை, கிட்டும் இல்லை. என் ஏச்சு.

எங்களுடைய ஊரில் ஏச்சு வாங்காமல் வளர்ந்த பிள்ளை குறைவு. வீட்டில், பள்ளிக்கூடத்தில், ரியூசன் கொட்டிலில் எல்லாம் பிழை விட்டால் முதலில் வருவது ஏச்சு. அந்தப் பிள்ளைகள்தான் கம்பஸ் முடித்து எங்களிடம் வேலைக்கு வருகிறார்கள். பிழையை மறைக்கிற பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை இளக்குவது குழுவை நடத்துகிறவர்களின் வேலை என்று நான் இப்போது உறுதியாக நம்புகிறேன். பாதுகாப்பு விதி, பக்கப் பக்கமாக வழிகாட்டி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கிட் ரெப்போக்களை இணையத்தில் வைத்திருக்க இடம் தருகிற கிட்லாப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை இந்தத் துறையில் பலர் அறிவார்கள். இரவில் களைத்துப்போய் வேலை செய்த ஒரு பொறியியலாளர், பிழையான சேர்வரில் தரவுத்தளத்தின் ஃபோல்டரை அழித்துவிட்டார். பிரதி எடுக்க வைத்திருந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், தேவைப்பட்ட நேரத்தில் எதுவும் சரியாக வேலை செய்யவில்லை. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது சுமார் ஆறு மணித்தியாலம் முன்பு கையால் எடுக்கப்பட்ட ஒரு பிரதி. அதை வேறு வேலைக்காக எடுத்து வைத்திருந்தவரும் அதே பொறியியலாளர்தான். அந்த ஆறு மணித்தியாலத் தரவு போனது. ஆனால் அவர்கள் ஒன்றையும் மறைக்கவில்லை. மீட்பு நடக்கும்போதே குறிப்புகளை எல்லோரும் வாசிக்கத் திறந்துவிட்டார்கள், யூடியூபில் நேரடியாகவும் காட்டினார்கள். எட்டுப் பேர் உள்ள எங்களால் ஒரு வட்ஸ்அப் குழுவில் "நான் குழப்பிவிட்டேன்" என்று எழுத முடியாதா என்று அன்றைக்கு நினைத்தேன்.

இங்கே தோட்டக் காணி வாங்கினவர்களுக்குத் தெரியும், உறுதியில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் எழுதியிருக்கும். பங்குக் கிணற்றில் யார் எந்த நாள் இறைப்பது என்று முறை இருக்கும். வாளி உள்ளே விழுந்தால் விழுத்தினவர் உடனே சொல்வார், ஏனென்றால் நாளைக்கு இறைக்க வருகிறவருக்கும் அதே கிணறுதான். மெயின் பிராஞ்சை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அன்றையில் இருந்து எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது பிழைத்தால் விசைப்பலகையில் இருந்து கையை எடுக்க வேண்டும். பிறகு, மறைந்திருக்கும் டொட் கிட் ஃபோல்டரோடு சேர்த்து முழு ஃபோல்டரையும் வேறு இடத்தில் பிரதி எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் கிட் ஸ்டேற்றஸ் அடித்து, அது சொல்வதைக் கடைசி வரி வரைக்கும் வாசிப்பது. ஒருமுறையாவது அட் செய்த (அடுத்த கொமிட்டில் சேர்க்கக் குறித்துவைத்த) ஃபைல் என்றால், கொமிட் செய்யாவிட்டாலும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையால் தேடி எடுக்க வாய்ப்பு இருக்கிறது. அட்டும் செய்யாமல், கொமிட்டும் செய்யாமல் வைத்திருந்த மாற்றத்தை ரீசெட் ஹாட் அழித்தால் கிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் வேலை அரைகுறையாக இருந்தாலும் தன் பிராஞ்சில் கொமிட் செய்துவிட்டுப் போகும்படி பிள்ளைகளிடம் கேட்கிறேன். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில் இன்னொரு வியாதியும் பார்த்தோம். யூபிஎஸ் இல்லாத கணினி, கொமிட் செய்கிற நேரம் கரண்ட் போக, கிட் வரலாற்றைச் சேமிக்கிற சில ஒப்ஜெக்ட் ஃபைல்கள் வெறுமையாகிவிடும். அதற்கும் முதல் மருந்து பிரதிதான். பிறகு சேர்வரில் இருந்து புதிய குளோன் எடுத்து, மாற்றிய ஃபைல்களை அதற்குள் கொண்டுபோய்ப் போடலாம்.

தடுப்பதற்கும் வழி இருக்கிறது. மெயின் பிராஞ்சுக்கு யாரும் ஃபோர்ஸ் புஷ் செய்ய முடியாதபடி பூட்ட வேண்டும். கிட்லாப்பைப் போன்ற இன்னொரு தளமான கிட்ஹப்பில் தனியார் ரெப்போவுக்கு இந்தப் பூட்டு வேண்டுமென்றால் கட்டணத் திட்டம் வேண்டும். கிட்லாப்பில் இலவசத்திலேயே கிடைக்கிறது. சின்னக் குழுக்கள் இதைப் பார்த்துத்தான் இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும். தன் சொந்தப் பிராஞ்சில் ஃபோர்ஸ் புஷ் தேவைப்பட்டால் ஃபோர்ஸ் வித் லீஸ் போடுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த பிறகு வேறு யாரும் ஏதாவது போட்டிருந்தால் அது மறுத்துவிடும்.

பஸ்வேர்ட் உள்ள ஃபைலைத் தவறுதலாக புஷ் செய்கிற பிள்ளையும் முதலில் மறைக்கத்தான் பார்க்கும். அடுத்த கொமிட்டில் அழித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஆனால் பழைய கொமிட்டில் அது வாசிக்கக்கூடியதாக அப்படியே கிடக்கும். முதலில் அந்தப் பஸ்வேர்டை மாற்ற வேண்டும், வரலாற்றைச் சுத்தம் செய்வது இரண்டாவது. அதை உடனே மாற்ற வேண்டுமென்றால் பிள்ளை உடனே சொல்ல வேண்டும்.

பெரியவர்கள் விடுகிற பிழை ஒன்றும் இருக்கிறது, அதற்கு யாரும் ஏசுவதில்லை. ரெப்போ ஒருவரின் சொந்தக் கணக்கில் இருக்கும். அவர் ஒருநாள் கனடாவுக்குப் போய்விடுவார், இங்கத்தைய சிம் நின்றுவிடும், உள்நுழையும் குறியீடு அந்த இலக்கத்துக்குத்தான் வரும். எனக்குத் தெரிந்த ஒரு குழு இப்படி மூன்று கிழமை வேலை செய்ய முடியாமல் இருந்தது. நிறுவனக் கணக்கு ஒன்று திறந்து, உரிமையாளராகக் குறைந்தது இரண்டு பேரைப் போடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

அப்புறம், தமிழில் கொமிட் செய்தி எழுதத் தயங்குகிறவர்களுக்கு: தாராளமாக எழுதலாம், கிட்டுக்குத் தமிழ் பிரச்சினையே இல்லை. ஃபைல் பெயர் தமிழில் இருந்தால் மட்டும் ஸ்டேற்றஸில் எண்களாகத் தெரியும். கோர் குவோட்பாத் (core.quotepath) என்ற அமைப்பை ஃபோல்ஸ் ஆக்கினால் எழுத்தாகவே காட்டும். ஆங்கிலத்தில் "ஃபிக்ஸ்" என்று ஒரு சொல் எழுதுவதைவிட, என்ன பிழை, ஏன் மாற்றினேன் என்று தமிழில் இரண்டு வரி எழுதுவது ஆறு மாதம் கழித்து எவ்வளவோ உதவுகிறது.

அந்தத் தம்பி இப்போதும் எங்களோடுதான் இருக்கிறான். அன்று ஏசியதற்காக மற்றப் பெடியனிடமும் இவனிடமும் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். போன செவ்வாய்க்கிழமை, சேர்ந்து இரண்டு கிழமையே ஆன ஒரு பிள்ளை தன் மேசையில் இருந்து சத்தமாக, "அண்ணை, ரீபேஸ் செய்யப்போய் எல்லாத்தையும் குழப்பிப்போட்டன்" என்றாள். நான் எழும்ப முதலே அவன் கதிரையை இழுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தான். "ஒண்டையும் அழிக்காதை தங்கச்சி, முதல்ல ஃபோல்டரைக் கொப்பி எடு" என்றான்.