நிலவுக்குப் போன அதே வாட்ச் இன்று கடையில் கிடைக்கிறதா?

"ஆம்ஸ்ட்ராங் 1969-இல் கொண்டுபோன ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், உள்ளே ஒரு திருகுகூட மாறாமல் இன்றும் விற்பனையில் இருக்கிறது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

அப்போலோ 11 வீரர்களின் வாட்ச்களில் ஓடியது காலிபர் 321 (காலிபர் என்றால் வாட்சின் உள்ளே ஓடும் இயந்திரத்தின் மாடல்). 1968-லேயே ஒமேகா 861-க்கு மாறத் தொடங்கிவிட்டது. 2021 முதல் 'மூன்வாட்ச்' என்ற பெயரில் விற்கும் வழக்கமான ஸ்பீட்மாஸ்டரில் இருப்பது 3861. பழைய 321 மணிக்கு 18,000 முறை துடிக்கும், புதியது 21,600 முறை.

டயலைப் பார்த்தாலே தெரியும். பழையதில் ஆறு மணிக்குக் கீழே 'ஸ்விஸ் மேட்' எழுத்தின் இருபுறமும் 'டி' இருக்கும். இருட்டில் ஒளிரும் டிரிட்டியம் பூச்சுக்கான அடையாளம் அது. அந்தப் பூச்சு இப்போது மஞ்சளித்து, ஒளி மங்கிப்போயிருக்கும்.

சரி, 321-ஐ ஒமேகா மறுபடி தயாரிக்கிறதே? உண்மைதான். ஆனால் 2020-இல் வந்த அந்த எஃகு வாட்ச், 1965-இல் அமெரிக்க விண்வெளி வீரர் எட் வைட் விண்ணில் நடந்தபோது கட்டியிருந்த மாடலின் வடிவம். விலையும் மிக அதிகம். வாங்கும் முன் காலிபர் எண்ணைக் கேளுங்கள்.