ஒற்றைச் சொல்லை எக்செல்லில் போட்டு அனுப்பும் புண்ணியவான்களே!

ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல், பக்கத்தில் காலிக் கட்டம். "ஜப்பானியத்தில் நிரப்பி சாயங்காலத்துக்குள் அனுப்புங்கள்." அது பட்டனா, தலைப்பா, பிழைச் செய்தியா, எந்தத் திரையில் வருகிறது? மூச்சு விடமாட்டார்கள். ஜப்பான் கிளையண்டுக்கு சாஃப்ட்வேர் செய்யும் இடத்தில் மொழிபெயர்ப்பு பார்ப்பவர்களின் பிழைப்பு இதுதான்.

'ஃப்ரீ' என்று ஒரு வரி. காசில்லாமல் என்றால் முரியோ. கட்டுப்பாடு இல்லை என்றால் ஜியூ. ஆள் வேலையில்லாமல் இருக்கிறார் என்றால் ஹிமா. ஹோட்டலில் அறை காலி என்றால் கூஷிட்சு. இதில் எது சார் என்று கேட்டால், "டிக்‌ஷனரியில முதல்ல இருக்கிறதைப் போடுங்க" என்று பதில் வருகிறது. காலி அறைக்குப் பக்கத்தில் இலவசம் என்று போட்டுவிட்டால் வாடகையை யார் கட்டுவது?

'கேன்சல்' இன்னும் மோசம். சந்தாவை முடித்துக்கொள்வது கைய்யாக்கு. செய்ததைத் திரும்பப் பெறுவது தொரிக்கேஷி. "ஒன்றும் வேண்டாம், இந்தப் பெட்டியை மூடு" என்பதற்கு க்யான்செரு. சந்தாவை நிறுத்தும் திரையில் தலைப்பிலும் கேன்சல், கீழே பட்டனிலும் கேன்சல். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், பட்டனை அமுக்கினால் சந்தா போகுமா இருக்குமா என்று தெரியாமல் ஆள் திண்டாடுவார். சரி என்று வேறு வேறாகப் போட்டால் செக்கிங் டூல் சிவப்பாகக் கத்துகிறது: ஒரே சொல்லுக்கு இரண்டு மொழிபெயர்ப்பாம்! ஃப்ரீலான்ஸில் செய்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். திரும்பி வரும் சொல் என்று இரண்டாவதற்குக் காசையும் குறைத்துவிடுவார்கள்.

வெள்ளைக்காரன் கேட்டால் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வயலில் நெல், மூட்டையில் அரிசி, தட்டில் சோறு என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு என்ன வந்தது? ஜப்பானியத்திலும் அதே கதைதான்: இனே, கொமே, கோஹன். அண்ணன் என்றால் அனி, தம்பி என்றால் ஒத்தோத்தோ. "பிரதர் மூத்தவரா இளையவரா?" என்று நான் கேட்டால், நம்ம ஊர் ஆளே "அதெல்லாம் முக்கியமா?" என்கிறார். வீட்டில் தம்பியை அண்ணா என்று கூப்பிடுவாரா இவர்?

அப்புறம் ஒரு கூட்டம் இருக்கிறது. "ஆங்கிலச் சொல்லையே கத்தகானாவில், அதான் வெளிநாட்டுச் சொற்களை எழுதும் ஜப்பானிய எழுத்தில், எழுதிவிடுங்கள், வேலை முடிந்தது." முடியாது ஐயா! ஜப்பானுக்குள் போன ஆங்கிலச் சொல் அங்கே தனிக்குடித்தனம் நடத்துகிறது. 'மேன்ஷன்' அங்கே போனால் அடுக்குமாடி வீடு. கடைக்காரர் 'சர்வீஸ்' என்று சொல்லி ஒன்றைக் கையில் கொடுத்தால் அது இலவசம். 'சார்ஜ்' வயிற்றைக் கலக்கும். ரயிலுக்கு வைத்திருக்கும் சுய்க்கா கார்டில் பணம் ஏற்றினால் அதுதான் சாஜி. போனுக்கு மின்சாரம் ஏற்றினால் ஜூதென். வாடிக்கையாளரிடம் பணம் கேட்டால் சேக்யூ. பணம் கட்டும் ஆப்பில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சாஜி என்று போட்டால், கட்டவேண்டிய தொகையைத் தன் கணக்கில் ஏறிய தொகை என்று ஒருவர் நினைத்துக்கொள்ள வழியிருக்கிறது.

நான் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்? ஒரு ஸ்கிரீன்ஷாட். அது முடியாவிட்டால் 'இது பட்டன், ரயில் கார்டுக்கு' என்று அரை வரி. அதற்கு நேரமில்லையாம். தப்பாகப் போனபிறகு டோக்கியோவோடு காலங்காத்தாலே மீட்டிங் போட்டு, "ஜப்பானிய டீம் கவனமாக இருக்க வேண்டும்" என்று எனக்கு அறிவுரை சொல்ல மட்டும் நேரமிருக்கிறது.

இனிமேல் குறிப்பு இல்லாத வரியை நான் தொடப்போவதில்லை. ஃபைல் வந்தபடியே திரும்பிப் போகும். திட்டினால் திட்டட்டும்.