நூறு பேருக்கு எத்தனை இணைப்பு என்பது வீடுகளின் விகிதம் அன்று
பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதார அமைப்பான ஓஇசிடியின் (OECD) 2007-ஆம் ஆண்டு அகலக்கற்றை (பிராட்பேண்ட் இணையம்) பட்டியலில் அமெரிக்கா 15-ஆவது இடத்தில் இருந்ததைக் காட்டி, பதினான்கு நாடுகளில் அமெரிக்காவை விட அதிக விழுக்காடு வீடுகளுக்கு அகலக்கற்றை இணைப்பு கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பட்டியல் வீடுகளை எண்ணவில்லை. மக்கள்தொகையில் நூறு பேருக்கு எத்தனை நிலையான (கைப்பேசிவழி அல்லாத) இணைப்புகள் என்றே கணக்கிட்டது. ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் பெரும்பாலும் ஓர் இணைப்பே போதும் என்பதால், சிறு குடும்பங்கள் மிகுந்த நாடு தானாகவே மேலே ஏறிவிடும். சராசரிக் குடும்பம் இரண்டு பேர் கொண்ட நாட்டில் எல்லா வீடுகளும் இணைப்புப் பெற்றால் நூறு பேருக்கு 50 இணைப்புகள் வரும். அமெரிக்காவைப் போல ஏறத்தாழ 2.6 பேர் என்றால், ஒரு வீடு விடாமல் இணைத்தாலும் 38-ஐச் சற்றே தாண்டும். அலுவலக இணைப்புகளும் அந்த எண்ணிக்கையில் கலந்திருந்தன.

இதனால் அமெரிக்கா பின்தங்கவே இல்லை என்று நான் வாதிடவில்லை: அமெரிக்காவை விடப் பெரிய குடும்பங்களைக் கொண்டிருந்த தென்கொரியா அப்போது அதை முந்தியே நின்றது, அந்த இடைவெளியைக் குடும்ப அளவால் விளக்கவே முடியாது. வீடுகளைப் பற்றிப் பேச வேண்டுமானால், இணைப்புள்ள வீடுகளின் விழுக்காட்டைத் தரும் கணக்கெடுப்புகளையே மேற்கோள் காட்டுங்கள்.