சக்கரை மீட்டர் யார் கண்ணுக்கு?

சக்கரைக்கான கருவிகளை வடிவமைக்கிறவர்கள் எல்லாருக்கும் இருபத்தைந்து வயதுதான் இருக்கும் போல. இல்லையென்றால் கண்ணைக் கெடுக்கிற ஒரு நோய்க்கு, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டிய கருவியைச் செய்ய மனசு வருமா? ரொம்பத்தான் பேசுகிறாள் என்று தோன்றினால், பொழுதோட விளக்குப் போடாமல், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் வீட்டு மீட்டரை ஒருதரம் பாருங்கள்.

எங்கள் குடும்பத்தில் சக்கரைக்குப் பஞ்சமில்லை. கோபி பக்கம் தோட்டத்து வீட்டில், எங்கள் பேச்சில் சாளையில், இருக்கும் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, பேனா மாதிரி இருக்கிற ஊசியில் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். எனக்கு மாத்திரை. திருப்பூரில் இருக்கும் தங்கச்சி பையனுக்குச் சின்ன வயதிலேயே, உடம்பில் இன்சுலின் சுரக்காத டைப் 1 சக்கரை வந்து, இப்போது இடுப்பில் இன்சுலினை உள்ளே செலுத்துகிற பம்ப். அதனால் மீட்டர், பேனா, பம்ப் மூன்றின் முகமும் எனக்கு நன்றாகப் பழக்கம்.

அம்மிச்சியின் பழைய மீட்டரில், ரத்தச் சொட்டு வைக்கிற ஸ்ட்ரிப்பை மேல்பக்கம் சொருக வேண்டும். அது பழுதாகி, புதிதாக வாங்கியதில் கீழ்ப்பக்கம். அவர் பழக்கத்தில் ஸ்ட்ரிப் மேலே இருக்கும்படியே பிடித்துப் பார்த்துவிட்டு வெள்ளனவே போன் போட்டார். "ஏனம்மிணி, அறநூத்தி ஒண்ணு காட்டுதே, நான் இருப்பனா?" நிறைய மீட்டர்கள் 600-க்கு மேல் போனால் எண்ணே காட்டாது, ஆங்கிலத்தில் 'ஹை' என்று மட்டும் வரும். அதனால் 601 என்றதும் எனக்கு இடித்தது. "மீட்டரைத் தலைகீழாத் திருப்பிப் பாருங்க அம்மிச்சி" என்றேன். 109. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் அவர் எனக்குப் போன் போடாமல், பயத்தில் ஊசியை ரெண்டு யூனிட் கூட்டிப் போட்டிருந்தால்? எது மேல், எது கீழ் என்று திரையைப் பார்த்ததும் தெரிகிற மாதிரி பளிச்சென்று ஒரு அடையாளம் வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்?

இந்த எண்கள் ஏழு குச்சிகளால் ஆனவை. பழைய கால்குலேட்டரில் இருப்பவைதான். ஏழும் தெரிந்தால் 8, நடுக்குச்சி மங்கினால் அதுவே 0. அதாவது 180 இருக்கிற இடத்தில் 100 தெரியும். மீட்டரை ஆன் செய்ததும் சில நொடி 888 என்று எல்லாக் குச்சியும் எரிவது இதற்காகத்தான்: ஏதாவது குச்சி செத்துப் போயிருக்கிறதா என்று நாம் பார்த்துக்கொள்ள. கூட வருகிற சின்னப் புத்தகத்தில் இதைப் போட்டிருப்பார்கள். அந்தப் புத்தகத்தின் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் என்பது தனிக்கதை.

மீட்டர் என்றதும் எல்லாரும் பேசுவது துல்லியத்தைப் பற்றி. பேச வேண்டியதுதான். ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரம், 2013-ல் வந்த பதிப்பின்படி, நூறு முறை பார்த்தால் 95 முறையாவது ஆய்வக முடிவுக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்கிறது: 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளிக்குள், 100-ம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதத்துக்குள். சரி, கருவி உள்ளுக்குள் அவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் 180-ஐ 100 என்று படிக்க வைத்தால் பிழை எத்தனை சதவீதம்? என்னைப் பொறுத்தவரை, படிக்க முடியாத எண் தப்பான எண்தான்.

இது வயசானவர்கள் பிரச்சினை மட்டும் இல்லை. நாற்பதைத் தாண்டினாலே கிட்டத்தில் இருப்பது மங்கும். சக்கரை எகிறினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே உப்பி, பார்வை மாறும். சக்கரை கட்டுக்குள் வந்து கொஞ்ச நாள் ஆகட்டும், அப்புறம் கண்ணாடி மாற்றலாம் என்று கண் டாக்டர்கள் சொல்வது அதனால்தான். சக்கரைக்காரர்களுக்குக் கண்புரையும் சீக்கிரம் வரும். அதற்கும் மேலே விழித்திரையில் ரத்தக்குழாய்கள் கசிந்தால், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசமே கரைந்துபோகும். சாம்பல் திரையில் கருஞ்சாம்பல் எண் போட்டால் அந்தக் கண் என்ன செய்யும்?

இன்னொன்று, சக்கரை இறங்கும்போது. 70-க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும், 54-க்குக் கீழே ஆபத்து. அந்த நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும், பார்வை மங்கும், புத்தி சொன்னபடி கேட்காது. அதுவும் நடுராத்திரியில், கரன்ட் இல்லாத சாளையில். திரைக்குப் பின்னால் விளக்கு இல்லாத மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்ய? கருவி மிகவும் தேவைப்படும் அந்தப் பத்து நிமிஷத்தை மனசில் வைத்துத்தான் திரையைச் செய்ய வேண்டும். கடையில் ட்யூப்லைட்டுக்குக் கீழே எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

பம்புக்கு வருவோம். விலை லட்சக்கணக்கில், திரையோ தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. கலர் திரை, பார்க்க அழகு. திருப்பூர் வெயிலில் பைக்கை நிறுத்திவிட்டு அதைப் பார்க்கச் சொன்னால் பையன் கையைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு குனிகிறான். பேட்டரி மிச்சம் பிடிக்கத் திரை வேறு சீக்கிரம் அணைந்துவிடும். மீட்டரில் தப்பாகப் படித்தால் அடுத்து யோசிக்க ஒரு நிமிஷம் இருக்கிறது. பம்பில் படித்து, ஒரு பொத்தானை அழுத்தினால் மருந்து உள்ளே போய்விடும். 1.5 யூனிட்டுக்கும் 15 யூனிட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு புள்ளி. ஒரே தடவையில் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைக்கிற வசதி பம்பில் உண்டு. ஆனாலும் அந்தப் புள்ளியைக் கொஞ்சம் கொழுகொழுவென்று போடக் கூடாதா? "பெரிம்மா, எனக்குத் தெரியுது, நீங்க ஏன் வெசனப்படறீங்க" என்கிறான். அவனுக்கு இருபது வயசு. ஐம்பதிலும் அவன் பம்ப் வைத்திருப்பான் என்பதுதான் என் வெசனம்.

பேனாவையும் சொல்லிவிடுகிறேன். பல பேனாக்களில் இரட்டைப்படை எண்களை மட்டும் அச்சடித்து, ஒற்றைப்படைக்கு வெறும் கோடுதான் இருக்கிறது. அம்மிச்சிக்கு 11 யூனிட். இரண்டு எண்களுக்கு நடுவில் ஒரு மயிரிழைக் கோடு. 'கிளிக்' சத்தத்தை எண்ணலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வார்கள், கம்பெனிக்காரர்களே அதை நம்பி மருந்து போடாதீர்கள் என்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் லிட்டர் கணக்கு சிவப்பு எண்ணில், ஊற்றுகிறவர் பக்கம் திரும்பி எரிகிறது. வரிசையில் நாலாவது ஆளாக நிற்கிற அம்மிச்சிக்கே அது தெரியும். அரை லிட்டர் பாலில் ஏமாற்றிவிடக் கூடாது என்று நினைத்த ஊர் இது. பொட்டலத்தில் விலையை எந்த உயரத்துக்குக் குறையாமல் அச்சடிக்க வேண்டும் என்றுகூட 2011-ஆம் ஆண்டு விதிகள் மில்லிமீட்டர் கணக்கில் சொல்கின்றன. பிஸ்கட் விலைக்கு இருக்கிற அக்கறை இன்சுலின் அளவுக்கும் வேண்டும் என்கிறேன், வேறொன்றும் இல்லை.

போனோடு இணைத்தால் தீர்ந்தது என்று படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள். பாதி நிஜம். ஐபோனும் ஆண்ட்ராய்டும் 2009-லேயே திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டன, எழுத்தையும் பெரிசாக்கலாம். ஆனால் அதற்குச் செயலியை எழுதுகிறவர் ஒத்துழைக்க வேண்டும். எண்ணைப் படமாக வரைந்து வைத்தால் போன் ஊமைதான். அப்புறம் பட்டன் போனோடு இருக்கும் அம்மிச்சிகளை எங்கே வைப்பது?

எனக்கு அரசாங்கத்தின் மீது ஒரு ஆசை இருக்கிறது. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சக்கரை பார்க்கிறார்கள், நல்ல காரியம். எண்ணை அவர்கள் படித்துச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் வராத நாளில் படிக்கப் போவது நோயாளி. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் கருவியும் வாங்கித் தருவது 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மீட்டர் வாங்கும் டெண்டரில் எண்ணின் உயரம் இவ்வளவு, பின்விளக்கு கட்டாயம், தமிழில் சொல்லும் குரல் இருந்தால் முன்னுரிமை என்று அவர்கள் எழுதினால், மொத்தமாக வாங்குகிற இடம் கேட்கிறது என்பதற்காகவே கம்பெனிகள் செய்துவிடும். நானோ நீங்களோ தனியாகக் கேட்டால் "இதுதாங்க வருது" என்பார்கள்.

அதுவரைக்கும் கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் மருந்துக்கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். மீட்டர்களை அட்டைப்பெட்டியோடு கண்ணாடி அலமாரிக்குள் அடுக்காதீங்க. ரகத்துக்கு ஒன்றைப் பிரித்து, பேட்டரி போட்டு, மேசைமேல் வையுங்க. வாங்க வருகிறவர் விலையைக் கேட்கும் முன்னால் அதைக் கையில் எடுத்து, எண் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.